டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி

"இந்தச் சாக்லெட் டப்பாவுக்கா அறுநூத்தம்பது வெள்ளி?"

கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், பையிலிருந்து அதை நான் வெளியே எடுத்ததும் அப்பா கேட்டது இது. கேட்டதில் தப்பும் இல்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது. நீளம், அகலம் இரண்டுமே ஒரு சாண் வராது. கறுப்பு நிறம். பின்பக்கம் கேபிள் செருக நாலைந்து ஓட்டைகள். இதற்குள் ஒரு முழுக் கணினி இருக்கிறது, டிவியோடு சேர்த்துவிட்டால் நம் பழைய டேப்புகளையெல்லாம் பார்க்கலாம் என்று நான் சொன்னதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டேப்பு இதுல எந்தப் பக்கமா போவும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

விஷயம் போன தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு தொடங்கியது. வீட்டைச் சுத்தம் செய்த அம்மா, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு மைலோ அட்டைப்பெட்டியைக் குப்பையோடு வைத்திருந்தார். உள்ளே 23 வீடியோ டேப்புகள், நாற்பதுக்கும் மேல் விசிடி தட்டுகள். "போட்டுப் பாக்க மெஷினே இல்ல, வெச்சி என்னா பண்றது?" என்றார் அம்மா. அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால், மேலே கிடந்த டேப்பின் முதுகில் தாத்தாவின் கையெழுத்து தெரிந்தது: 'கோயில் திருவிழா 1994'.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பிறந்து வளர்ந்த இடம். அந்தக் கோயில், லயத்து வீடுகள், திடல் எதுவும் இன்று இல்லை. அங்கே இப்போது இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. காவலர் கூண்டு தாண்டித்தான் உள்ளே போக முடியும். எங்கள் வீட்டில் அந்த இடத்தின் அசையும் படம் என்று ஏதாவது இருந்தால், அது அந்த ஒரு டேப்பில்தான். பாட்டியின் குரலும் அப்படித்தான்.

நான் பிழைப்பது குரலை வைத்து. வானொலியில் தினம் நாலு மணி நேரம் பேசுகிறேன். நான் உளறியதுகூட நிலையத்தின் ஏதோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கும். பால் மரம் சீவி ஆறு பிள்ளைகளை வளர்த்த பாட்டியின் குரல் எங்கேயும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மைலோ பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துக் காரில் வைத்தேன்.

இனி கணினிக் கதை.

"வீட்டில்தான் ஸ்மார்ட் டிவி இருக்கிறதே, அதற்கு ஏன் தனிக் கணினி?" என்று நீங்கள் கேட்கலாம். என் தம்பியும் கேட்டான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் மினி பிசி வாங்க வேண்டாம். டிவியில் இருக்கும் செயலிகளே அதற்குப் போதும், பெரும்பாலும் நன்றாகவும் இருக்கும். கணினியின் பிரவுசரில் அதே சந்தாவைத் திறந்தால் படத்தின் தரம் சில நேரம் குறைந்துதான் வரும். உள்ளடக்கத்தைப் பூட்டிவைக்கும் பாதுகாப்பு முறை டிவிக்கு ஒரு மாதிரி, கணினிக்கு ஒரு மாதிரி. பணம் செலவழித்து மங்கலாகப் பார்ப்பானேன்?

உங்களுடைய சொந்தக் கோப்புகள் என்று வரும்போதுதான் மினி பிசிக்கு வேலை. எங்கள் டிவியில் யூஎஸ்பி செருகிப் பார்த்தேன். கைப்பேசியில் எடுத்த காணொளி ஓடியது. விசிடியிலிருந்து எடுத்ததை 'இந்த வகைக் கோப்பு ஏற்கப்படவில்லை' என்று தள்ளிவிட்டது. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. உங்கள் டிவி எல்லாவற்றையும் ஓட்டினால், வாழ்த்துகள், 650 ரிங்கிட் மிச்சம்.

கணினியை டிவியோடு இணைப்பது புதிய யோசனை இல்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் தோழி ஒருத்தியின் வீட்டில் பெரிய மேசைக் கணினியையே டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். காற்றாடிச் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். ஆப்பிளின் மேக் மினி 2005-இல் வந்தது. இன்டெல் அடுத்து 'நக்' என்ற பெயரில் கையகலப் பெட்டிகளை விற்றது. 2023-இல் அந்தத் தொழிலை அசூஸ் நிறுவனத்திடம் விட்டுவிட்டது. அதே 2023-இல் இன்டெல் கொண்டுவந்த என்100 என்ற சிப்தான் இன்றைக்கு மலிவு விலை மினி பிசிகள் பலவற்றுக்குள் இருக்கிறது. நாலு கோர், 6 வாட். 4கே காணொளியைப் பிரித்துக் காட்ட அதற்குள்ளேயே தனிப் பகுதி இருப்பதால் மூச்சு வாங்காது. விளையாட்டுக்கு ஆகாது, படம் பார்க்கத் தாராளம்.

லோயாட் பிளாசாவில் நான் போய் நின்ற கடையில், அண்ணனுக்கா, தம்பிக்கா என்றுதான் முதலில் கேட்டார்கள். எனக்குத்தான் என்றேன். உடனே வெள்ளை நிறத்தில் அழகாக இருக்கும் ஒன்றைக் காட்டினார்கள். எனக்கு வேண்டியது என்100, 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி சேமிப்பு, கறுப்போ வெள்ளையோ பரவாயில்லை என்று சொன்ன பிறகு பேச்சு ஒழுங்காக நடந்தது.

வீட்டில் மாட்டுவது அரைமணி நேர வேலை. டிவியின் முதுகில் சுவரில் மாட்டுவதற்கென்று நான்கு திருகு ஓட்டைகள் இருக்கும். மினி பிசியோடு வரும் தகட்டை அதில் முடுக்கிவிட்டால் பெட்டி டிவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, மின்சாரக் கேபிள் ஒன்று. முடிந்தது என்று நினைத்தேன்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு அன்று மதியம், வீடு நிறைய ஆட்கள். என் காதுகுத்து விசிடியை முன்கூட்டியே கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். எல்லாரையும் உட்காரவைத்து ஓடவிட்டேன். என் மாமா மடியில் நான் வாயைத் திறக்கிறேன், ஆசாரி கம்பியைக் கையில் எடுக்கிறார், திரை நீலமானது. கணினியோடு வந்த இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. 12 விழுக்காடு. 13 விழுக்காடு. முறுக்கைக் கடித்தபடி எல்லாரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 31 விழுக்காட்டில் மாமா எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

அன்றிரவே அந்த இயங்குதளத்தை அழித்தேன். அதற்குப் பதிலாகப் போட்டது லிப்ரெஎலெக். முழுக் கணினியையும் 'கோடி' என்ற ஒரே ஒரு மென்பொருளுக்காக மாற்றிவிடும் இலவச இயங்குதளம் இது. பெயர்தான் கோடி, விலை ஒரு காசும் இல்லை. 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காக ஆர்வலர்கள் எழுதிய நிரல் அது. எக்ஸ்பிஎம்சி என்று இருந்த பெயர் 2014-இல் கோடி ஆனது. இப்போது சுவிட்சைப் போட்டால் நேராகப் படங்களின் பட்டியல் வந்து நிற்கிறது. பிரவுசர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, பாதிப் படத்தில் புதுப்பிப்பும் இல்லை.

கோடியின் பெயர் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குள் எந்தப் படமும் கிடையாது. நாம் வைத்தால்தான் உண்டு. ஆனால், திருட்டுத்தனமாகப் படமும் அலைவரிசைகளும் காட்டும் இணைப்புகளை அதற்குள் போட்டு, 'வாழ்நாள் முழுதும் இலவசம்' என்று பெட்டி விற்றவர்கள் நிறையப் பேர். நம் நாட்டில் 2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட பெட்டி விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அந்தப் பெட்டிகள் சிலவற்றில் வீட்டு இணையத்தையே களவாடும் நச்சு நிரல் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வந்ததும் வெளிவந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. 'வாழ்நாள்' பதினோரு மாதத்தில் முடிந்தது.

அடுத்த பிரச்சினை ரிமோட். டிவி ரிமோட்டை அழுத்தினால் மினி பிசி அசையவில்லை. சாதாரணமாக டிவியோடு இணைக்கும் பெட்டிகளுக்கு எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிமோட் கட்டளை போகும். கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி கிடையாது. கையடக்க விசைப்பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அப்பா அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் தேடினார். அம்மா தொடவே இல்லை. "ஒரு பாட்டு நிப்பாட்ட இத்தன எழுத்தா?"

பதில், அலமாரியில் கிடந்த ஒரு பழைய டிவிடி பிளேயரின் ரிமோட். பிளேயர் செத்து வருஷக்கணக்காகிறது; ரிமோட்டை மட்டும் அப்பா தூக்கிப் போடவில்லை. எந்த ரிமோட்டின் பொத்தானையும் 'கற்றுக்கொண்டு' கணினிக்குச் சொல்லும் அகச்சிவப்பு யூஎஸ்பி குச்சி ஒன்று கிடைக்கிறது. அதை வாங்கி, அந்த ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானுக்கும் என்ன வேலை என்று சொல்லிக் கொடுத்தேன். முதலில் அதுவும் வேலை செய்யவில்லை. குச்சி டிவிக்குப் பின்னால் மறைந்திருந்தால் ரிமோட்டை எப்படிப் பார்க்கும்? மூன்று ரிங்கிட் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு டிவிக்குக் கீழே எட்டிப்பார்க்க வைத்தேன். பத்து வருஷமாக விரலுக்குப் பழகிய பொத்தான்கள். அப்பாவுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒலியைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. 'பாட்டு வந்தா காது கிழியுது, பேசுனா ஒண்ணும் கேக்கல' என்று எத்தனை வீடுகளில் குறை கேட்டிருப்பீர்கள்! புதிய படங்களின் ஒலி ஆறு தடங்களில் வரும். வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது டிவியின் இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும்தான். கணினி தன்னிடம் ஆறு ஒலிபெருக்கிகள் இருப்பதாக நினைத்துக்கொண்டால் நடுத் தடம் அமுங்கிப் போகும். கோடியின் ஒலி அமைப்பில் 2.0 என்று மாற்றுங்கள். இரண்டு ஒலிபெருக்கிதான் இருக்கிறது என்ற உண்மையை ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இவ்வளவும் நடந்த பிறகுதான் டேப்புகளுக்கு வந்தேன்.

விசிடி சுலபம். மினி பிசியில் தட்டு போடும் இடம் கிடையாது; யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வேண்டும். தட்டுக்குள் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறையில் 'டாட்' என்று முடியும் கோப்புகள் இருக்கும். அவற்றை அப்படியே நகல் எடுத்தால் போதும். படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள்தான். 4கே டிவி அந்த ஒரு புள்ளியை எண்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகளாக இழுத்து நிரப்புகிறது. கொசுவலை வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும். அப்பாவின் சினிமா விசிடிகளில் பல மூன்று தட்டுப் படங்கள். மூன்றாவது தட்டு காணாமல் போனவை ஏழு. முடிவு தெரியாமலே எங்கள் வீட்டில் முப்பது தடவை பார்க்கப்பட்ட படங்கள் அவை.

வீடியோ டேப் அப்படியில்லை. அதை நகல் எடுக்க முதலில் ஓடவிட வேண்டும். மூன்று மணி நேர டேப்புக்கு மூன்று மணி நேரம். விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-லேயே நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழையது. ஷா ஆலாமில் ஒருவர் வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கேபிள்களை ஒரு யூஎஸ்பி பதிவுக் குச்சியில் செருகி, அதை மடிக்கணினியில் செருகி, 1994 திருவிழா டேப்பைப் போட்டேன்.

பாட்டி வந்தார். நாற்பது வினாடி இருக்கும். தேர் வரும் பாதையில் கேமராக்காரர் குறுக்கே நிற்க, கையில் தாம்பாளத்தோடு, "தள்ளி நில்லுடா, சாமி வர்றது தெரியல?" என்று அதட்டுகிறார். அவ்வளவுதான். பாட்டி அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். அந்த அதட்டல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது என்று நினைத்திருந்தேன். நினைவில் இருந்ததைவிடக் குரல் மெல்லியது.

ஆனால், போகப் போக ஒலி பின்தங்கியது. முதல் பத்து நிமிடம் சரி. டேப் முடியும்போது பூசாரி மணியை அசைத்து முடித்து மூன்று வினாடி கழித்து மணி கேட்கிறது. பழைய டேப்பின் ஓட்டம் சீராக இருக்காது. மலிவுக் குச்சி அந்தத் தடுமாற்றத்தில் படத்தின் சில பிரேம்களைத் தவறவிடும், ஒலியை விடாது. அதனால் இரண்டும் பிரிந்து போகும். நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியே அனுப்பினால் படம் நிலைப்படும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். அதையும் வாங்கினேன். மறுபடி எடுத்தால் ஆயிற்று என்று முதல் நகலை மினி பிசியோடு இணைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, இடம் வேண்டுமென்று மடிக்கணினியில் இருந்ததை அழித்தேன்.

செய்யக் கூடாதது அதுதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மழை உங்களுக்குத் தெரியும். உலகில் இடி மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் இதுவும் ஒன்று. வானம் உறுமினால் அப்பா செய்யும் முதல் காரியம் சுவரில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைப்பது. முப்பது வருஷப் பழக்கம். இரண்டு டிவியைப் பறிகொடுத்தவர். அன்று இரவும் அணைத்தார். அந்த நேரத்தில் வேறு நான்கு டேப்புகளின் நகல் ஹார்ட் டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் டிஸ்க் திறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தாங்காத முறையில் நான்தான் அதை ஃபார்மட் செய்து வைத்திருந்தேன். அப்பா மேல் பழியில்லை.

சரி, டேப் இருக்கிறதே என்று மறுபடி போட்டேன். நாற்பதாவது நிமிடத்தில் விசிஆர் டேப்பை மென்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அது தெரியும். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, சுருங்கிய நாடாவை விரலால் நீவி எடுக்கும்போது கை நடுங்கியது. பாட்டி பிழைத்தார், அவர் வருவது பத்தாவது நிமிடத்தில். போனது இருபது வினாடி. கேமரா தேரோடு நகர்ந்து லயத்து வீட்டு வரிசையைக் கடக்கும் இடம். தாத்தா வீட்டு வாசலில் ஒரு நீலக் கதவு தெரியும். இப்போது அந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கோடுகள்.

அப்பாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அவர் கோபப்படவில்லை. "போட்டு வுடு, பாப்பம்" என்றார். மினி பிசியில் ஓடவிட்டேன். கோடு கோடாக வந்ததும் ரிமோட்டில் நிறுத்தினார். "இங்க மொத வீடு தண்டல் வீடு. அடுத்தது நம்ம கறுப்பண்ணன் மாமா, அவரு வீட்டு முன்னால ஒரு ஜம்பு மரம். மூணாவது நாம. கதவு நீலம் இல்லம்மா, பச்சை. டேப்புல நீலமா வுழுந்துருக்கு."

அவர் பேசிக்கொண்டே போனார். ஓடவிடுவார், நிறுத்துவார், ஒரு முகத்தைக் காட்டிப் பெயர் சொல்வார், அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானொலி வேலைக்கு நான் பயன்படுத்தும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். சட்டைக் காலரில் மைக்கைக் குத்திவிட்டு, "நிறுத்தாமப் பாருங்கப்பா, பாத்துக்கிட்டே பேசுங்க" என்றேன். முதல் ஐந்து நிமிடம் நேர்காணல் போலப் பேசினார். அப்புறம் மைக்கை மறந்தார்.

அந்தப் பேச்சைப் படத்தோடு பொருத்தி, அதே கோப்பில் இரண்டாவது ஒலித்தடமாகச் சேர்த்தேன். 'எம்கேவி' வகைக் கோப்பில் ஒரு படத்துக்கு எத்தனை ஒலித்தடம் வேண்டுமானாலும் வைக்கலாம். வெளிநாட்டுப் படங்களில் மொழி மாற்றுவோமே, அதே வசதிதான். அதைச் சேர்த்துக் கொடுக்கும் எம்கேவி டூல்நிக்ஸ் மென்பொருள் இலவசம். டிவிடி ரிமோட்டின் 'ஆடியோ' பொத்தானை அழுத்தினால் திருவிழாச் சத்தம். இன்னொரு தடவை அழுத்தினால் அப்பாவின் குரல், பின்னால் மெல்லத் திருவிழா. வெள்ளைக் கோடு வரும் இருபது வினாடியில் ஜம்பு மரமும் பச்சைக் கதவும் கேட்கும்.

மினி பிசி வாங்கும்போது இப்படி ஒன்று செய்யப் போகிறேன் என்று நான் நினைக்கவே இல்லை. உங்கள் வீட்டிலும் முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர் ஒருவர் இருப்பார். டேப்பைவிட அவருக்குத்தான் அவசரம். கைப்பேசியில் பதிவு செய்தால்கூடப் போதும்.

சுவிட்சுப் பிரச்சினைக்கு வருகிறேன். அப்பாவை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது, மின்னல் நிஜம். அதனால் ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை, கணினியை ஒழுங்காக மூடும் பொத்தானாக ஆக்கினேன். பெட்டியின் சிறு விளக்கு அணைந்ததும் சுவரில் அணைக்கலாம் என்பது ஒப்பந்தம். பயாஸ் அமைப்பில், மின்சாரம் வந்தவுடன் தானாக இயங்கு என்று மாற்றிவிட்டேன். காலையில் சுவரில் போட்டால் போதும், டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவ வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை, லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 முறையில் மறுபடி ஃபார்மட் செய்தேன். திடீரென மின்சாரம் போனாலும் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது மூன்று நகல்கள்: கிள்ளானில் ஒன்று, பெட்டாலிங் ஜெயாவில் என் வீட்டில் ஒன்று, ஜோகூர் பாருவில் தம்பியிடம் ஒன்று. ஒரு மணி நேரப் படத்துக்கு 2 ஜிபி அளவில் வைத்தால் 23 டேப்பும் ஒரு சின்ன டிஸ்க்கில் அடங்கிவிடும்.

டேப்புகளைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு சின்னக் குறிப்பு. நம் பழைய வீடியோக்கள் பால் முறையில், வினாடிக்கு 25 பிரேம் கணக்கில் எடுக்கப்பட்டவை. டிவி 60 ஹெர்ட்ஸில் ஓடினால் தேர் நகரும்போது விக்கி விக்கி நகரும். திரையின் வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்று என்று கோடியில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டதும் எங்கள் டிவி 50-க்கு மாறி, தேர் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்று, படத்தை அகலத்துக்கு இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். இதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் சண்டை. முழு டிவிக்குப் பணம் கொடுத்துவிட்டு முக்கால் டிவி பார்ப்பதா என்பது அவர் வாதம். இழுத்தால் அவருடைய கல்யாணப் படத்தில் அவரே இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரிகிறார் என்று காட்டினேன். அதற்கு மட்டும் கறுப்புப் பட்டை வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.

செலவு கேட்பீர்கள். மினி பிசி 650, ஹார்ட் டிஸ்க், ரிமோட் குச்சி, பழைய டிவிடி ரெக்கார்டர், விசிஆர் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டுவிட்டது. மின்சாரம் பெரிய செலவில்லை. பெட்டி 10 வாட் எடுக்கிறது என்று வைத்து, நாள் முழுக்க ஓடவிட்டாலும் மாதம் 7 யூனிட்டுக்குச் சற்று மேல்தான். டேப் இரண்டோ மூன்றோதான் இருக்கிறது என்றால் நகல் எடுத்துத் தரும் கடையில் கொடுப்பதே மலிவு. நாலைந்து பேரோடு சேர்ந்து ஒரு விசிஆரைச் சுற்றில் விடுவது இன்னும் நல்லது.

மைலோ பெட்டியில் 19 டேப் முடிந்துவிட்டது. நான்கு பாக்கி. அதில் மூன்றின் ஓரத்தில் வெள்ளையாக மாவு போலப் படிந்திருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு வரும் பூஞ்சை. அதைத் தெரியாமல் விசிஆரில் போட்டால் உள்ளே இருக்கும் தலைப்பகுதி முழுக்க அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டேப்புக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடி வைத்திருக்கிறேன். சுத்தம் செய்யத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்றின் முதுகில் 'அம்மா 60' என்று இருக்கிறது. அது பாட்டியின் அறுபதாம் பிறந்தநாள் என்கிறார் அப்பா. இல்லை, அப்போது கேமராவே இல்லை என்கிறார் அம்மா.

போன வாரம் பந்திங்கிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். அண்ணன் பேசுகிற திருவிழாப் படத்தைப் பார்த்தாராம். அண்ணன் சொன்ன பெயர்களில் இரண்டு தப்பாம், தன்னையும் உட்காரவைத்துப் பேசவிட வேண்டுமாம். அவர் வீட்டுப் பரணில் ஆறு டேப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மைக்கை எடுத்துக்கொண்டு போகிறேன்.